கரிசலும் கடலும் – 11: மூழ்கிய பொதிக்கு யார் பொறுப்பு?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். அதற்கு முன்பு கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கத்துப் பருத்தி முழுக்க மாட்டுவண்டியில்தான் துறைமுகம் போனது. கோடையில் இறுகி வெடித்துக் கிடக்கும் கரிசல், ஒரு மழை விழுந்துவிட்டால் சக்கரத்தை அச்சு வரைக்கும் இழுத்துக்கொள்ளும். பாதிவழியில் வண்டியைப் போட்டுவிட்டு ஈரம் காயும்வரை காத்துக் கிடந்தவர்கள் உண்டு. ரயில் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கோவில்பட்டியில் ஏறிய பொதி கடம்பூர், மணியாச்சி வழியாகக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

தரையில் தீர்ந்த தொல்லை தண்ணீரில் தீரவில்லை. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாத கடல். பெரிய நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கிட்டங்கியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து கப்பலுக்கு என்று ஒவ்வொரு பொதியும் மூன்று கை மாறித்தான் மேல்தளம் ஏறியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆடும் தோணியிலிருந்து ஆடும் கப்பலுக்குச் சுமையைத் தூக்குவது லேசான வேலையில்லை. கயிறு நழுவினால் பொதி கடலுக்குள் போகும். அலை தோணிக்குள் புகுந்தால் அடியில் இருக்கும் பொதி உப்புநீரில் ஊறும். கப்பல் நேராக வந்து கட்டும் ஆழ்கடல் துறைமுகம் தூத்துக்குடிக்கு வாய்த்தது 1974-ல்தான். ரயில் வந்து ஏறத்தாழ நூறு வருடம் கரிசல் பருத்தி இப்படித்தான் கடல் தாண்டியது.

இந்த இடத்தில்தான் இந்த அத்தியாயத்தின் கேள்வி பிறக்கிறது. கயத்தாறுப் பக்கத்து சம்சாரி பருத்தியை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். வியாபாரி அதை அரைத்துப் பொதி கட்டி, தூத்துக்குடியில் இருந்த ராலி பிரதர்ஸ், வோல்கார்ட் பிரதர்ஸ் போன்ற ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டார். லிவர்பூலில் ஒருவர் வாங்கிக்கொள்வதாக விலையும் பேசி முடித்துவிட்டார். நடுக்கடலில் அந்தப் பொதி போய்விட்டால் யார் தலையில் விழும்?

கரிசல் மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தரையில் அதற்கு ஒரு பழைய பதில் இருந்தது. அதன் பெயர் காவல். திருநெல்வேலிச் சீமை முழுக்க ஊருக்கு ஒரு காவல்காரர் இருந்தார். அது ஸ்தலக் காவல். பல ஊர்களுக்கும் பாதைகளுக்கும் பொறுப்பான பெரிய காவல் பாளையக்காரர்களிடம் இருந்தது; அது திசைக் காவல். ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று தானியமாகவோ பணமாகவோ காவல்கூலி போய்விடும். மாடு களவு போனால் காவல்காரர் துப்புத் துலக்கி மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் அதன் விலையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். முன்கூட்டியே சிறுதொகை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்கும் ஏற்பாடு இது. கூலி கொடுக்காதவர் தொழுவத்தில் மாடு காணாமல் போவதும் நடந்தது. அந்த அநியாயத்தை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. கட்டபொம்மன் போருக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களிடமிருந்து திசைக் காவலைப் பறித்தது. ஊர்க்காவல் அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது.

நாடார் வணிகர்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வண்டிகள் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் ஒரு சிறுதொகை மகமையாக எடுத்து, அந்தப் பொதுப்பணத்தில் பேட்டையையும் பாதுகாப்பையும் நடத்தினார்கள். ஒருவர் தனியாகத் தாங்க முடியாத செலவை நூறு பேர் பொதிக்குக் கொஞ்சமாகத் தாங்கினார்கள்.

கடலில் காவல்காரர் கிடையாது. பேட்டையும் கிடையாது. உடைந்த கப்பல் ஒதுங்கினால் கரைக்குச் சொந்தக்காரன் எடுத்துக்கொள்வான் என்பதே பல நாடுகளில் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு வரம்பு கட்டிய ஒரு சாசனம் தமிழிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் கிடைத்த கல்வெட்டு அது. இலங்கையை 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்டது. சிங்கள மன்னன் தமிழில் சாசனம் வெட்டியதே, அன்று அந்தக் கடலில் யார் கப்பல் ஓட்டினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் முற்பகுதி. யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி.

படை நடத்துகிறவனுக்கு யானையும் குதிரையும் வேண்டும். அவற்றைக் கொண்டு வருகிறவன் பயந்து வராமல் போய்விடக் கூடாது. அதனால் அங்கே அரசனின் பங்கு குறைகிறது. எந்தச் சரக்கு வந்தாக வேண்டுமோ அந்தச் சரக்கின் ஆபத்தை அரசு கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது. அடுத்த நூறு வருடத்துக்குள் காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் இன்னும் ஒரு படி மேலே போனான். முன்னிருந்த அரசர்கள் ஒதுங்கிய கப்பலின் சரக்கை முழுக்கப் பிடுங்கினார்கள், இனி சுங்கம் தவிர அனைத்தும் வணிகனுக்கே என்று 1244-45-ல் கல்லில் பொறித்தான்.

இவையெல்லாம் நஷ்டப்பட்டவனிடம் மிச்சமிருப்பதைப் பிடுங்காமல் விட்டது வரைக்கும்தான். போனதற்கு ஈடு கொடுப்பது வேறு சங்கதி. கடலில் அதை முதலில் செய்தது வட்டிக்கடைதான்.

வியன்னா நூலகத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. 1985-ல் அதைப் படித்து வெளியிட்டார்கள். நம் முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குச் சரக்குக் கொண்டுபோன ஒரு வணிகனுக்கும் அவனுக்குக் கடன் கொடுத்தவனுக்கும் நடந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி அது. சரக்கை செங்கடல் கரையிலிருந்து ஒட்டகத்தில் எப்படிக் கொண்டுபோக வேண்டும், நைல் நதியில் எப்படி ஏற்ற வேண்டும், எங்கெல்லாம் கடன் கொடுத்தவனின் முத்திரை பட வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருக்கிறது. பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைக்கரைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம், துணி. மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் ரோமானியப் பணம்.

அந்தக் காலத்துக் கடல்கடனின் சூட்சுமம் எளிமையானது. கப்பல் பத்திரமாக வந்தால் கடனையும் கடுமையான வட்டியையும் கட்ட வேண்டும். மூழ்கினால் ஒன்றும் கட்ட வேண்டாம். கடன் கொடுத்தவன் பணத்தோடு ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான். அதனால்தான் வட்டி அவ்வளவு கடுமை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாத வட்டியாகச் சாதாரணமாக ஒன்றேகால் பணம், வணிகத்துக்கு 5, காட்டுவழி போகிறவர்களுக்கு 10, கடல் வணிகர்களுக்கு 20 என்று வரிசைப்படுத்துகிறது. ஆபத்துக்கு ஏற்றபடி விலை வைப்பது என்ற இன்றைய பிரீமியக் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

மத்திய தரைக்கடலில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலரது சரக்கைக் கடலில் தூக்கி எறிந்தால், தப்பித்த சரக்குக்காரர்களும் கப்பல்காரரும் அவரவர் மதிப்புக்கு ஏற்ப அந்த நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரோட்ஸ் தீவின் பெயரில் வழங்கிய இந்த விதி ரோமானியச் சட்டத்தில் ஏறி, ஜெனரல் ஆவரேஜ் என்ற பெயரில் இன்றும் உயிரோடிருக்கிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டபோது அதன் உரிமையாளர்கள் இதே விதியைத்தான் கையில் எடுத்தார்கள். கீறல்கூடப் படாத சரக்கின் சொந்தக்காரர்களும் மீட்புச் செலவில் பங்கு தர வேண்டியிருந்தது.

கடனையும் ஆபத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வைத்தது, விசித்திரமாக, சமயம். 1230-களில் போப் ஒன்பதாம் கிரகரி கடல்கடனின் வட்டியும் பாவ வட்டியே என்று விதித்தார். இத்தாலிய வணிகர்கள் வேறு வழி தேடினார்கள். 1347-ல் ஜெனோவாவில், சாந்தா கிளாரா என்ற கப்பல் மயோர்க்கா தீவுக்குப் போவதற்காக எழுதப்பட்ட பத்திரம்தான் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய கடல் காப்பீட்டு ஒப்பந்தமாகக் கருதப்படுகிறது. பார்வைக்கு அது வட்டியில்லாக் கடன் பத்திரம். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் பத்திரம் செல்லாது. சேராவிட்டால் பணம் கட்ட வேண்டும். இங்கே கடன் என்பது வெறும் வேஷம். ஆபத்து மட்டும்தான் விற்பனையாகிறது.

அங்கிருந்து லண்டன் கதையை எல்லோரும் ஓரளவு அறிவார்கள். எட்வர்டு லாயிடின் காப்பிக்கடை 1680-களின் கடைசியில் தெரிய வருகிறது. மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் அங்கே கூடினார்கள். ஒரு சீட்டில் கப்பல் பெயரை எழுதி வைத்தால், விருப்பப்பட்டவர்கள் தாங்கள் ஏற்கும் தொகையைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நம் நாட்டில் சூரத், பம்பாய் சராப்புகளிடம் ஜோக்மி உண்டி என்ற சீட்டு இருந்தது. சரக்கு கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் அந்த உண்டிக்குப் பணம் கட்ட வேண்டும். உண்டியும் காப்பீடும் ஒரே காகிதத்தில்.

கடல் காப்பீட்டு வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம் மட்டும் இல்லை. 1781-ல் சோங் என்ற அடிமைக் கப்பலின் மாலுமிகள், தண்ணீர் போதவில்லை என்று சொல்லி 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தார்கள். கப்பல் முதலாளிகள் அவர்களைச் ‘சரக்கு’ என்று சொல்லித் தலைக்கு 30 பவுண்டு காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783-ல் நடந்த அந்த வழக்கு கொலை வழக்கே அல்ல, காப்பீட்டு வழக்கு. அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கம் எழுந்ததில் இந்த வழக்குக்குப் பங்குண்டு. சரக்கைப் பார்க்கும் கண் மனிதனைப் பார்க்காமல் போவது எத்தனை பயங்கரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி தூத்துக்குடிக்குத் திரும்பலாம். அங்கே காப்பீட்டுப் பத்திரம் வெறும் ஆறுதல் காகிதமாக இருக்கவில்லை, பணமாக இருந்தது. ஏற்றுமதிக்காரர் கப்பலில் சரக்கு ஏறியதற்கான பில் ஆஃப் லேடிங், விலைப்பட்டியல், காப்பீட்டு பாலிசி இந்த மூன்றையும் பாங்கில் கொடுத்தால், சரக்கு லிவர்பூல் போய்ச் சேரும் முன்பே பணம் கைக்கு வரும். மூன்றில் பாலிசி இல்லையென்றால் பாங்குக்காரர் தொடமாட்டார். அந்தப் பணம் தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி வியாபாரிக்கு வந்து, அவரிடமிருந்து அடுத்த வண்டிப் பருத்திக்கு முன்பணமாகச் சம்சாரியின் கைக்குப் போனது. கடலைக் கண்ணால் பார்க்காத குடும்பத்தின் பொங்கல் செலவு, கடல் ஆபத்தை விலைபேசிய ஒரு காகிதத்தை நம்பி நடந்தது. பிரீமியத்தை ஏற்றுமதிக்காரர்தான் கட்டினார். ஆனால் கப்பல் கூலியைப் போலவே அதையும் கழித்துத்தான் பருத்திக்கு விலை வைத்தார்கள். கடைசியில் அதைக் கட்டியது கரிசல்தான்.

பருத்தி காப்பீட்டுக்காரரைச் சோதிக்கும் சரக்கு. அழுத்திக் கட்டிய பொதிக்குள் ஒரு தீப்பொறி புகுந்தால் நாள்கணக்கில் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பது, நல்ல கருங்கண்ணியோடு மட்டமான புளிச்சையைக் கலப்பது என்ற புகார்கள் அந்தக் காலத்தில் ஓயாமல் இருந்தன. நனைந்த பருத்தி புழுங்கிக் கெட்டுப்போனால் காப்பீடு கிடைக்காது. அது கடலின் குற்றமில்லை, சரக்கின் குற்றம். உப்புநீர் புகுந்து கெட்டால் கிடைக்கும். அப்படியென்றால் பொதியிலிருக்கும் ஈரம் எந்த ஈரம்? இதற்குச் சர்வேயர்கள் கையாளும் சோதனை எளிமையானது. சில்வர் நைட்ரேட் கரைசலில் சில துளி விடுவார்கள். உப்புநீர் பட்ட இடம் பால்போல வெளுக்கும். லட்சக்கணக்கான ரூபாய் வழக்குகள் அந்தச் சில துளிகளில் திசை மாறியிருக்கின்றன.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடித்தளம். இதற்கு வழிகாட்டிய தீர்ப்பு 1766-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு கொடுத்தது. வழக்கு எழுந்த இடம் சுமத்ராவில் பென்கூலன் என்ற ஊரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை. வெளிநாட்டு எதிரி பிடித்தால் ஈடு வேண்டும் என்று அதன் கவர்னர் காப்பீடு செய்திருந்தார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும்விட்டார்கள். தனக்கு மட்டும் தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைப்பவருக்குக் காப்பீடு செல்லாது என்ற கொள்கையை மான்ஸ்ஃபீல்டு அதில் வகுத்தார். கவர்னர் எதையும் மறைக்கவில்லை என்று முடிவாகி அவருக்குப் பணமும் கிடைத்தது. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்திலும் அந்தக் கொள்கை அப்படியே இருக்கிறது.

அந்தச் சட்டத்துக்கு முன்மாதிரியான ஆங்கிலச் சட்டம் 1906-ல் வந்தது. அதே 1906 அக்டோபரில்தான் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. அந்தக் கப்பல்களைப் புயல் கவிழ்க்கவில்லை. பாறையில் மோதவும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. அரசாங்கம் 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தது. 1911 வாக்கில் கம்பெனி கலைந்தது. 25 ரூபாய் போட்ட சாமானியர்களின் அந்த நஷ்டத்துக்கு உலகத்தின் எந்த பாலிசியிலும் இடம் கிடையாது.

போர் நஷ்டமும் சாதாரண பாலிசியில் சேராது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு போட்டதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அடுத்த சில நாட்களில் அது இலங்கைப் பக்கம் வந்து காலிக்கு அப்பால் கிங் லட், கொழும்புக்கு அப்பால் டைமெரிக் என்று கப்பல்களை மூழ்கடித்தது. தூத்துக்குடிப் பருத்தி போகும் பாதை அது. தனியார் தாங்க முடியாத அந்த ஆபத்தை, போர் தொடங்கிய ஆகஸ்டு மாதமே பிரிட்டிஷ் அரசு தானே முன்வந்து ஏற்க வேண்டியிருந்தது. கப்பல்களின் போர் ஆபத்தில் 80 சதவீதம் அரசின் பொறுப்பு. அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக ஆபத்தைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இந்த வரலாற்றில் இடம் கிடைக்காதது தூத்துக்குடித் தோணிதான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சரக்குக் கொண்டுபோன மரக்கலம் அது. அந்த வாழ்க்கையை ஜோ டி குரூஸ் ‘கொற்கை’ நாவலில் விரிவாக எழுதியிருக்கிறார். சரக்குக் காப்பீட்டின் சாதாரணக் கட்டணம், உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு நிபந்தனைப்படி, இயந்திரத்தால் ஓடும், எஃகால் கட்டிய, தரச்சான்று பெற்ற கப்பலுக்கு மட்டுமே. மரத்தால் கட்டிப் பாய் விரித்தவர்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து தோணி ஓட்டும் தண்டலின் அனுபவத்துக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

இன்று கோவில்பட்டித் தீப்பெட்டி கண்டெய்னரில் பூட்டி லாரியில் துறைமுகம் போகிறது. ஆனாலும் கடல் மாறவில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து எரிந்து ஜூனில் மூழ்கியது. 2025 மே 25-ல் எம்.எஸ்.சி. எல்சா 3 கொச்சிக்கு அருகே 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. இப்படி மூழ்கும் கண்டெய்னருக்கு பாலிசி இருந்தால் அதன் சொந்தக்காரருக்கு ஈடு உண்டு. பக்கத்துக் கண்டெய்னர் தப்பித்ததா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதே பருத்தியும் உளுந்தும் கரிசலில் நிற்கும்போது கணக்கு வேறு. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ரபி பருவத்து உளுந்துக்குக் காப்புத் தொகையில் 1.5 சதவீதமும் பருத்திக்கு 5 சதவீதமும் விவசாயி கட்டுகிறார். ஆலங்கட்டி மழை போன்ற சில சேதங்களைத் தவிர, மகசூல் இழப்பை அவர் புஞ்சையில் யாரும் தனியாக வந்து அளப்பதில்லை. கிராமமோ பிர்க்காவோ ஓர் அலகாகக் கொண்டு, சில இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரியை எல்லோருக்கும் பொருத்துகிறார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மழை பெய்து இந்தப் பக்கம் பொய்த்துப் போவது கரிசலில் வாடிக்கை. காய்ந்தவர் புஞ்சையும் பெய்தவர் புஞ்சையும் ஒரே அலகில் விழுந்தால் காய்ந்தவருக்குக் கிடைப்பது சொற்பம், சில வருடம் ஒன்றுமே இல்லை. அலகைச் சுருக்கி, அளவீட்டை ஊர் அறிய நடத்தி, அந்தக் கணக்கைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். கப்பலேறிய சரக்குக்கு ஆள் அனுப்பிச் சேதத்தை அளக்கும் காப்பீட்டுத் தொழில், அதை விளைவித்த புஞ்சைக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்று அரசிடமும் கம்பெனிகளிடமும் கேட்க கோவில்பட்டி விவசாயிக்கு முழு உரிமை உண்டு.

(தொடரும்)